பதக்கம்: யார் தருவது, எதற்குத் தருவது?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மார்கழி இன்னும் முடியவில்லை. எட்டாம் வகுப்பில் தமிழர்களின் கடல் வாணிகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தாய்லாந்தின் தகுவாபா என்ற ஊரில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைச் சொல்லிவிட்டு, அந்த நாட்டின் அரசவை அந்தணர்கள் மார்கழியில் நடத்தும் 'திரியம்பவாய்' சடங்குக்கு வந்தேன். பெயரைக் கேட்டதுமே ஒரு பெண், "திருவெம்பாவை மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். அதேதான் என்றேன். படம் காட்டலாம் என்று திறன்பலகையில் தேடியபோது, வேண்டிய படத்துக்குப் பக்கத்தில் வேண்டாத படம் ஒன்றும் வந்தது. தாய்லாந்துப் பள்ளி ஒன்றின் காலை வழிபாடு. ஆசிரியர்கள் எல்லாரும் காக்கி நிறச் சீருடையில், மார்பில் வண்ண வண்ணப் பட்டைகளோடு நின்றார்கள்.

"மிலிட்டிரியா மிஸ்?"

இல்லை, டீச்சர்கள் என்றேன். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். பல பள்ளிகளில் திங்கட்கிழமை அந்தச் சீருடையில்தான் வருவார்கள். மார்பில் இருப்பது அரசர் பெயரால் கொடுக்கப்பட்ட பதக்கங்களின் அடையாளம். கடைசி பெஞ்சிலிருந்து உடனே கேள்வி வந்தது: "அப்ப உங்களுக்கு ஏன் மிஸ் மெடல் இல்ல?"

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே விட முடியவில்லை. முந்தைய ஆண்டு ஒரு பதக்கத்தால் என் வகுப்பில் நடந்த ஒன்று அப்போதும் உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். கடல் வாணிகத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பாடவேளைகளைப் பதக்கத்துக்கே கொடுத்தேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாய்லாந்து. மாணவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

தாய்லாந்தில் பதக்கம் என்பது அபூர்வமாக யாரோ ஒருவருக்குக் கிடைக்கும் பொருள் அல்ல. வெள்ளை யானை விருது 1861-இல் மோங்குட் அரசர் காலத்தில் ஏற்பட்டது. தாய்லாந்து மகுட விருது 1869-இல் அவர் மகன் சூளலங்கரண் காலத்தில் வந்தது. இரண்டிலும் எட்டு எட்டுப் படிகள். அரசு ஊழியர் ஒருவர் பணியில் மூப்படைய மூப்படைய, இந்த இரண்டு ஏணிகளிலும் மாறி மாறி ஏறுகிறார். இருபத்தைந்து ஆண்டு பணி முடித்த குடிமைப் பணியாளருக்குச் 'சக்ரவர்த்தி மாலா' என்றொரு பதக்கம் தனியே உண்டு. பெயரைப் பாருங்கள், நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. விருது பெற்றவர் பெயர் அரசிதழில் வரும். மேல்படி கிடைத்ததும் கீழ்ப்படிச் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தகவல் என் மாணவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. "குடுத்தத வாங்கிப்பாங்களா?" என்று ஒருவன் உண்மையாகவே கோபப்பட்டான்.

அங்கே விருதின் மதிப்பு சாவிலும் தொடர்கிறது. தகுதியான விருது பெற்றவர் இறந்தால் சிதைக்கு மூட்ட அரசரின் பெயரால் நெருப்பு வரும். படி உயர உயர ஈமச் சடங்கின் மரியாதையும் கூடும். தகனத்தன்று வந்தவர்களுக்கு ஒரு சிறு நூல் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு, எந்த ஆண்டு எந்த விருது பெற்றார் என்ற பட்டியலும் அதில் இருக்கும். முன்பு குன், லுவாங், பிரா, பிரயா என்று அரசர் தரும் பட்டங்களும் இருந்தன. 1932 புரட்சிக்குப் பிறகு புதிதாகப் பட்டம் கொடுப்பது நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரட்சியை நடத்திய தலைவர்களில் ஒருவரை உலகம் இன்றும் 'பிபுன்' என்றே அழைக்கிறது. அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, அரசர் கொடுத்த பட்டத்தின் பகுதி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மாணவி, "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்ல" என்றாள். அங்கேதான் பாடம் தொடங்கியது. மறுநாள் வரும்போது வீட்டில் 'மரியாதைக்காகக் கொடுக்கப்பட்ட பொருள்' எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன்.

என் பள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஷிப்டு முடிந்து திரும்பும் கம்பெனிப் பேருந்துகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே நேரத்தில்தான் சாலையில் இருப்பார்கள். பெற்றோரில் பாதிப்பேர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மீதிப்பேர் வயல், கறவை மாடு, சிறு கடை. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறிய மீனவக் குடும்பங்கள் சில. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

வந்த பொருள்கள் இவை: கபடிக் கோப்பை நான்கு, சாயம் போன பொன்னாடை ஒன்று, மாமா படித்த காலத்து என்.சி.சி. பதக்கம், அத்தைக்கு மகளிர் குழுவில் கொடுத்த குத்துவிளக்கு, பெயர் வெட்டிய எவர்சில்வர் சொம்பு. பிறகு ஒரு சுவர்க் கடிகாரம். ஒரு தொழிற்சாலையில் விபத்தில்லாமல் இத்தனை நாள் ஓடியதற்காகத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது. கொண்டுவந்த பையன் அதை மடியிலேயே வைத்திருந்தான். யாரையும் தொட விடவில்லை.

பக்கத்தில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பாவும் அங்கதான் மிஸ். கான்ட்ராக்ட். அவங்களுக்கு பிரியாணி பொட்டலம் குடுத்தாங்க."

பிள்ளைகள் சிரிக்கவில்லை. கடிகாரக்காரன் கடிகாரத்தைப் பைக்குள் வைத்துவிட்டான்.

ஒரு மாணவி பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. சொல்ல மட்டும் வந்திருந்தாள். அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதியில் தாத்தாவுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், அதுதான் பெரிய மரியாதை என்றாள். அவள் உட்கார்ந்ததும் இன்னொருத்தி எழுந்தாள். "எங்க தெருவுக்கு சாமியே வராது மிஸ்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆறுதல் சொன்னால் அந்த வாக்கியம் கரைந்துபோகும் என்று தோன்றியது. கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதியிருந்தேன்: யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுக்க முடியுமா. அவற்றுக்குக் கீழே நான்காவதாக, 'யாருக்குக் கொடுக்கவில்லை' என்று எழுதினேன். மூன்று பாடவேளைகளிலும் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்த நான்காவது கேள்விதான்.

கோயில் மரியாதை சின்ன விஷயம் அல்ல என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டில் அதற்காக ஊர்கள் இரண்டுபட்டிருக்கின்றன, வழக்குகள் தலைமுறைகளாக நடந்திருக்கின்றன. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு, ஒரு கோயிலில் ஒருவருக்கு மரியாதை பெறும் உரிமை உண்டா இல்லையா என்ற தகராறை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தைத் துறை அலுவலருக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு முழத் துணிக்காகச் சட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் துணி என்ன சொல்கிறது என்று பிள்ளைகளே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாடவேளையில் பழைய காலத்துக்குப் போனோம். நம் மன்னர்களும் தாய்லாந்து அரசர்களைப் போலவே பட்டம் கொடுத்தவர்கள்தாம். படைத்தலைவருக்கு ஏனாதி, வணிகருக்கு எட்டி, உழுவித்து உண்ணும் வேளாளருக்குக் காவிதி. பட்டத்தோடு மோதிரமோ பொன்பூவோ சேர்ந்து வரும். அரசன் செய்யும் இந்தச் சிறப்புக்கு 'மாராயம்' என்று தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது. பாணருக்குப் பொற்றாமரை, விறலியருக்குப் பொன்னரிமாலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடி அரங்கேறியதும் தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். அந்தத் தலைக்கோல் தோற்ற பகையரசனின் வெண்கொற்றக் குடைக்காம்பால் செய்யப்படுவது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சரின் பெயரைக் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்கிறது. அரசனின் பெயரையே தச்சனுக்குப் பட்டமாகச் சூட்டியிருக்கிறார்கள். தகுவாபா கல்வெட்டில்கூட இதே வாசனைதான். அங்கே வெட்டப்பட்ட குளத்துக்கு வைத்த அவனிநாரணம் என்ற பெயர், பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. கடலுக்கு அப்பால் ஒரு குளத்துக்கு ஊர் அரசனின் பட்டம்!

இவற்றை நான் கொஞ்சம் வேகமாகவே சொல்லி முடித்தேன். பட்டியலாகிவிட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். நின்று பேசியது நடுகல்லைப் பற்றித்தான்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்தில் உள்ளவை, மிகப் பழமையானவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. பெயர், ஊர், எதில் இறந்தான் என்ற செய்தி; கல்லில் இவ்வளவுதான் இருக்கிறது. 'மாவீரன்' இல்லை, 'தன்னிகரற்ற' இல்லை. செங்கம் பகுதியிலும் இப்படிப் பல நடுகற்கள் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக அதற்கும் எழுத்து உண்டு.

நாய்க்குக் கல் என்றதும் வகுப்பு விழித்துக்கொண்டது. அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் பள்ளி வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு அன்று முதல் அதுதான் பெயர். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாணவன் கேட்டதுதான் அன்றைய நாளின் சாரம்: "கோப்பைல வெறும் ஃபர்ஸ்ட் பிரைஸ்னுதான் இருக்கு. என்ன பண்ணாங்கன்னு இல்லையே மிஸ்?" கபடிக் கோப்பைகளைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றில் கடைப் பெயர் மட்டும் இருந்தது.

வெள்ளையர் காலப் பட்டங்கள் மூன்றாம் பாடவேளை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். புத்தாண்டிலும் மன்னர் பிறந்த நாளிலும் பட்டியல் வரும். இந்தப் பட்டங்கள் ஆட்சிக்கு விசுவாசமானவர்களுக்கானவை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது நம் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இந்த மூன்று பட்டங்களையும் பெற்றவர். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் தடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர் பெயருக்கு முன்னால் 'திவான் பகதூர்' என்று எழுத வேண்டியிருந்தது என்பதற்கு அன்றைய சமூகத்தில் வேறொரு பொருள் இருந்தது. தெருவுக்குச் சாமி வராது என்று சொன்ன பெண் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் எழுதச் சொல்லவில்லை.

திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு இந்தியாவின் தன்னாட்சிக்காகக் கடிதம் எழுதினார். ஆட்சியாளர்கள் கண்டித்ததும் 'சர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919-இல் தாகூர் 'சர்' பட்டத்தை உதறினார். 1920-இல் காந்தி கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் போரில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சென்ற பணிக்காகக் கிடைத்த பதக்கங்களும் அவற்றோடு போயின. மேல்படி கிடைத்தால் கீழ்ப்படியைத் திருப்பித் தர வேண்டும் என்ற தாய்லாந்து விதிக்குக் கோபப்பட்ட அதே மாணவன், "இவங்க அவங்களாவே குடுத்துட்டாங்க" என்று முணுமுணுத்தான். இரண்டு திருப்பிக்கொடுத்தலுக்கும் என்ன வேறுபாடு என்பதை வகுப்பே பேசித் தீர்த்தது. என் உதவி தேவைப்படவில்லை.

இந்த வரலாற்றால்தான் நம் அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அரசு பட்டம் எதையும் வழங்கக் கூடாது என்கிறது. படைத்துறைச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மட்டும் விலக்கு. பிறகு பாரத ரத்னா எப்படி? 1954-இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தபோதே இந்தக் கேள்வியும் வந்தது. 1969-இல் ஆச்சார்ய கிருபளானி இவற்றை ஒழிக்க மக்களவையில் தனி மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 1977-இல் மொரார்ஜி தேசாய் அரசு விருதுகளை நிறுத்தியது. 1980-இல் மீண்டும் வந்தன. கடைசியில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: இவை பட்டங்கள் அல்ல, விருதுகள்; ஆகவே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. சுவரொட்டிகளில் 'பத்மஸ்ரீ' என்று பெயரோடு ஒட்டிப் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பு. எட்டாம் வகுப்புக்கு இந்தத் தீர்ப்பு அதிகம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பிள்ளைகள் விடவில்லை.

முதல் ஆண்டில் பாரத ரத்னா பெற்ற மூவரில் ஒருவர் திருத்தணியில் பிறந்தவர். இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அதே திருத்தணி. டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு 1931-இல் 'சர்' பட்டம் கிடைத்திருந்தது. விடுதலைக்குப் பிறகு அதைப் பெயரோடு சேர்த்துக்கொள்வதை அவர் விட்டுவிட்டார். 'டாக்டர்' மட்டும் நின்றது. அது படித்து வந்தது. 1962 முதல் அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். நம் மாநிலத்தின் நல்லாசிரியர் விருதும் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது: வெள்ளிப் பதக்கம், பத்தாயிரம் ரூபாய், பாராட்டுச் சான்றிதழ்.

"அப்ப மெடல் இருக்கே! நீங்க ஏன் மிஸ் வாங்கல?" கடைசி பெஞ்சு மறக்கவில்லை.

ஒரு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை என்று சொன்னேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் அல்லவா? விண்ணப்பத்துக்காகப் புகைப்படங்களும் சான்றுகளும் தேடி அடுக்கிய அந்த ஒரு மாதத்தில், நான் செய்த வேலைகளில் எதற்கெல்லாம் புகைப்படம் இல்லையோ அவைதான் அதிகம் நினைவுக்கு வந்தன. கிடைக்காதபோது வருத்தமாகவும் இருந்தது. அதையும் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து வந்து அவளுடைய மாமாவின் என்.சி.சி. பதக்கத்தை என் புடவையில் குத்திவிட்டாள். அன்று மாலை வரை அதைக் கழற்ற மறந்துபோய், ரயில் நிலையத்தில் ஒருவர் உற்றுப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

இனி அந்தப் பழைய சம்பவம். முந்தைய ஆண்டு தொடக்கத்தில், வருகை குறைவாக இருக்கிறதே என்ற கவலையில், முழு வருகை தரும் மாணவர்களுக்கு ஆண்டு விழாவில் பதக்கம் என்று அறிவித்தேன். பாரிமுனையில் மொத்தமாக வாங்கிய, நீலப் பட்டை கோத்த, பொன் முலாம் பூசிய பதக்கங்கள். பலன் தெரிந்தது. எமிஸ் செயலியில் தினமும் பச்சையாகப் பார்ப்பதில் எனக்கும் ஒரு போதை. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டில் ஒரு மாணவன் நின்ற இடத்திலேயே சரிந்தான். தொட்டால் உடம்பு கொதித்தது. முந்தைய மூன்று நாளாகவே காய்ச்சலாம். அம்மா இரவு ஷிப்டு முடிந்து வருவதற்குள் கிளம்பி வந்திருக்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுப் படுக்க வைத்தபோது, கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது: "பிரசன்ட் போட்டீங்களா மிஸ்?"

அதே வகுப்பில் ஒரு மாணவி ஆண்டு முழுவதும் நான்கு நாள் மட்டும் வரவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லாத நாள்கள். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்று இவள் வீட்டில் இருந்தாள். பதக்கம் அவளுக்கு இல்லை. கடிகாரம் பெறாத அந்த ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் பேசியபோது இவள் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது. தொழிற்சாலை வரைந்த கோட்டைப் போன்ற ஒன்றை நானும் வகுப்பறையில் வரைந்திருந்தேன்.

பரிசும் ஆர்வமும் பற்றி 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பி.எட். படிக்கும்போது தேர்வுக்காகப் படித்தது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் பொன் முத்திரையும் பட்டையும் ஒட்டிய 'நல்ல ஆட்டக்காரர்' சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பறையில் வரைதாள்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களையும்விடக் குறைந்த நேரமே வரைந்தார்கள், ஏறத்தாழப் பாதி. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசைவிட, பரிசை முன்னால் தொங்கவிடுவதுதான் சிக்கல். எல்லாப் பரிசுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கலைத் திருவிழா மேடையில் கிடைத்த ஒரு கேடயம் ஒரு பிள்ளையின் நடையையே மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இயல்பாகச் செய்ய வேண்டிய ஒன்றுக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஜனவரி காலை எனக்குக் காட்டிவிட்டது.

பாடத்தின் முடிவில் வகுப்புக்கு ஒரு பணி கொடுத்தேன். ஊரில் அல்லது பள்ளியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு ஒரு நடுகல் வாசகம் எழுத வேண்டும். அவர் உயிரோடு இருப்பவராகவே இருக்கட்டும். கல்லுக்குப் பதில் அட்டை. பெயர், ஊர், செய்த செயல் இருக்க வேண்டும். 'சிறந்த', 'அன்பான', 'கடின உழைப்பாளி' போன்ற சொற்களுக்குத் தடை. அந்தத் தடை இல்லாவிட்டால் முப்பத்தெட்டு அட்டையும் ஒன்றுபோல வந்திருக்கும்.

ஒரு மாணவி எழுதினாள்: மின்சாரம் போன இரவு பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு விடியும் வரை விசிறிய அக்கா. ஒடிசாவிலிருந்து வந்த மாணவன், தமிழில் திக்கித் திக்கி, செங்கல் சூளையில் அவனுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதினான். பிரியாணிப் பொட்டலக்காரன் அப்பாவைப் பற்றி எழுதினான்: இரும்புச் சுருள் உருண்டு வந்தபோது கூட வேலை செய்தவரைப் பின்னால் இழுத்தவர். அதைப் படித்தபோது கடிகாரக்காரன் தலை நிமிர்ந்து பார்த்தான். "எந்த ஷிப்டு?" என்று கேட்டான். இருவரும் உணவு இடைவேளையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு மூன்று அட்டைகள் வந்தன. அதில் ஒன்று, முட்டை குறைந்த நாளில் தன் பங்கு முட்டையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டில் வைத்ததைச் சொல்லியது. அவர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாததால் யாராவது தண்ணீர் குடிக்கப் போனால் வாசித்துக் காட்டச் சொல்கிறாராம்.

எல்லாம் அழகாக முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டே வாரத்தில் "என் அட்டையை ஏன் முதல்ல படிக்கல?" என்ற சண்டை வந்தது. யாருக்கு எத்தனை அட்டை என்று எண்ணத் தொடங்கினார்கள். எனக்கு வந்தது ஒன்று. தலைமை ஆசிரியருக்கு இரண்டு. இதை அவரிடம் நான் சொல்லவில்லை, பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு என் யோசனை: அட்டைகளை வகுப்பில் வரிசைப்படுத்திப் படிக்காதீர்கள், எழுதியவரே போய் உரியவரிடம் நேரில் கொடுத்து, அங்கேயே வாசிக்கட்டும். நாங்கள் இரண்டாம் முறை அப்படிச் செய்தபோது சண்டை குறைந்தது. உயர் வகுப்புகளில் 18-ஆவது பிரிவைப் பட்டிமன்றமாக நடத்தலாம்; பத்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் நடத்தினார், மணி அடித்த பிறகும் ஓடியது.

இந்த ஆண்டு வருகைப் பதக்கம் கிடையாது என்று ஜூன் மாதமே அறிவித்துவிட்டேன். அன்று காய்ச்சலில் விழுந்தவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. முந்தைய ஆண்டு விழாவில் பதக்கம் வாங்கியவன். வீட்டில் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்கள், அவன் அம்மா எனக்குக் காட்டியிருக்கிறார். அறிவிப்புக்குப் பிறகு வராந்தாவில் என்னை நிறுத்தி, "இந்த வருஷம் நிஜமாவே இல்லையா மிஸ்?" என்று கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். வரலாறு, ஆய்வு, நடுகல் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் அவன் வாழ்க்கையில் இதுவரை கிடைத்த ஒரே பதக்கம் அது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்னும் சொல்லவில்லை.